ஏரியின் உடைமையும் ஊரின் உரிமையும்: கார்வேட்டிநகர ஏரி வழக்கை (1874) முன்வைத்து ஓர் ஆய்வு

முன்னுரை

தமிழகப் பாசன வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் இரண்டு நிலைகளில் நின்று எழுதியுள்ளனர். கல்லணை, வீராணம் போன்ற அரசர்தம் பெரும்பணிகளைப் போற்றுவது ஒரு நிலை. குடிமராமத்து என்னும் ஊர்க் கூட்டுழைப்பைப் போற்றுவது மற்றொரு நிலை. இவ்விரண்டிற்கும் இடைப்பட்டதாக மூன்றாவது ஒன்றும் உண்டு. தனியொருவர்க்கோ ஒரு குடும்பத்திற்கோ உடைமையாய், ஆயினும் ஊரார் பலரும் பயன்கொள்வதாய் விளங்கிய சிறிய மண்கரை ஏரியே அது. பாளையக்காரர், ஜமீன்தார், இனாம்தார் ஆகியோரின் பெயரில் இருந்த இத்தகைய ஏரிகள் பல்லாயிரம். எனினும் 'அரசு', 'ஊர்' என்னும் இரு சொற்களுக்குள் அடங்காமையால் இவை ஆய்வாளரின் போதிய கவனத்தைப் பெறவில்லை.

ஏரி ஒருவர்க்கு உடைமை என்றால் அவ்வுடைமையின் பொருள் யாது? அதனைத் தூர்க்கவும் பிறரை விலக்கவும் அவர்க்கு உரிமை உண்டா? அன்றி, அதனைக் காத்துத் தரவேண்டிய கடமைதான் உண்டா? இவ்வினாக்கள் 1874ஆம் ஆண்டில் இலண்டன் பிரிவி கவுன்சிலின் முன் ஒரு வழக்கின் வடிவில் எழுந்தன. அன்றைய வட ஆர்க்காடு மாவட்டத்தின் கார்வேட்டிநகர ஜமீனைச் சேர்ந்த இரண்டு ஏரிகள் உடைந்ததால் எழுந்த வழக்கு அது. சட்டத்துறையினர் நன்கறிந்த இவ்வழக்கு, தமிழாய்வுக் களத்தில் எடுத்துப் பேசப்பட்டது குறைவு. ஏரி பற்றிய தமிழ்ச் சான்றுகளோடு இவ்வழக்கை இணைத்துக் காண்பதும், ஜமீன் ஒழிப்பிற்குப் பின் அத்தகைய ஏரிகள் அடைந்த நிலையைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

1. பெயர்கள் உணர்த்தும் உடைமை

நீர்நிலையைக் குறிக்கத் தமிழில் ஏரி, குளம், கண்மாய், ஏந்தல், தாங்கல், குட்டை, ஊருணி எனப் பல சொற்கள் வழங்குகின்றன. இவற்றுள் ஏந்தல், தாங்கல் ஆகிய இரண்டும் இங்குத் தனித்து நோக்கத்தக்கன. ஏந்துதல், தாங்குதல் என்னும் வினைகளினின்று தோன்றிய இச்சொற்கள், வழிந்தோடும் நீரைக் கரையிட்டு ஏந்தியும் தாங்கியும் நிறுத்தும் சிற்றேரியைக் குறிக்கின்றன. வேடந்தாங்கல், பழவந்தாங்கல் போன்ற ஊர்ப்பெயர்கள் வடபகுதியிலும், ஏந்தல் என முடியும் ஊர்ப்பெயர்கள் சிவகங்கை, இராமநாதபுரம் பகுதிகளிலும் காணப்படுகின்றன. ஏந்தல் என்னும் சொல்லுக்கு உயர்ந்தோன், தலைவன், அரசன் என்னும் பொருள்களும் உண்டு. நீரைத் தாங்கும் கரையையும் குடிகளைத் தாங்கும் தலைவனையும் ஒரே சொல் சுட்டுவது, தலைமை என்பதைத் தாங்குதலாகக் கருதிய மொழிவழக்கின் அடையாளம் எனலாம்.

கட்டியவரின் பெயரையோ அவருடைய தலைவரின் பெயரையோ ஏரிக்கு இடுவதும் பழைய மரபு. மகேந்திரவாடியில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த திருமால் கோயிற் கல்வெட்டு, அக்கோயில் மகேந்திர தடாகத்தின் கரையில் அமைந்ததைக் கூறுகிறது. கூரம் செப்பேடு பரமேசுவர தடாகத்தைக் குறிப்பிடுகிறது. உத்திரமேரூரின் ஏரி வைரமேக தடாகம் எனப்பட்டது. முதலாம் பராந்தகனின் வீரநாராயணன் என்னும் பட்டப்பெயரே வீராணம் என மருவிற்று. ஆனால், பெயர் அரசனுடையதாயினும் நிருவாகம் அவனுடையதன்று. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகனின் ஆட்சியில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள், குடவோலை வழியே தேர்ந்தெடுக்கப்பட்ட ஆறு உறுப்பினர் கொண்ட ஏரி வாரியத்தைக் குறிப்பிடுகின்றன. பெயர் ஒருவருடையது, காவல் பிறருடையது, பயன் பலருடையது என்னும் இம்முப்பகுப்பு பல்லவர், சோழர் காலத்திலேயே நிலைபெற்றிருந்தது என்பது இதனால் பெறப்படும்.

2. மண்கரை ஏரியும் அதன் பயன்களும்

சிற்றேரியின் கட்டுமானம் எளியது. சரிவான நிலத்தில் நீர் ஓடிவரும் திசைக்குக் குறுக்கே பிறைவடிவில் மண்கரை எழுப்பப்படும். அலை மோதும் உட்சரிவில் கல் பாவப்படும். கரையின் அடியில் தூம்போ மதகோ அமைத்து நீரை வாய்க்கால்களில் விடுவர். நீர் நிறைந்தபின் மிகுதி வழிந்தோடுவதற்குக் கரையின் ஓரத்தில் கலிங்கு அமைக்கப்படும். கரைமண்ணை மேவி நீர் பாயின் கரை அரித்து உடையும் என்பதால், ஏரியின் உயிர்நாடி கலிங்கே ஆகும். கலிங்கல் என்னும் தமிழ்ச்சொல்லை ஆங்கிலேயப் பொறியாளர் 'கலிங்குலா' எனத் தம் மொழியில் எடுத்தாண்டனர். அச்சொல் ஆங்கிலோ-இந்திய அகராதியிலும் இடம்பெற்றது. கருவியின் பெயரைக் கடன்கொள்ளும் அளவிற்கு அதன் தொழில்நுட்பம் இம்மண்ணிற்கு உரியதாய் இருந்தது.

ஓர் ஏரியின் கலிங்கு வழியும் நீர் அடுத்த ஏரிக்கு வரத்தாகும். இவ்வாறு சங்கிலித்தொடராய் அமைந்தமையால் மேலேரி உடைந்தால் கீழேரியும் உடையும். ஆகவே எந்தச் சிற்றேரியும் தன் ஊருக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை.

ஆயக்கட்டிற்கு நீர் பாய்ச்சுவது ஏரியின் முதற்பயன். அதனோடு வேறு பயன்களும் இணைந்திருந்தன. கோடையில் நீர் வற்றியபின் உள்வாயில் திரண்ட வண்டல், வயலுக்கு எருவாயிற்று. குயவர் களிமண் எடுத்தனர். வண்ணார் துணி வெளுத்தனர். கால்நடைகள் நீருண்டன. கோரையும் புல்லும் பாய்க்கும் கூரைக்கும் பயன்பட்டன. கரையடி ஊற்று, கிணறுகளில் நீரை நிறுத்தியது. கரை ஊர்களை இணைக்கும் வழியாகவும் அமைந்தது. ஏரி மீன்மேல் விதிக்கப்பட்ட பாசிப்பாட்டம் என்னும் வருவாயைக் கல்வெட்டுகள் குறிப்பிடுகின்றன. ஏரிப்பட்டி என்னும் மானிய நிலம் ஏரியைப் பேணுவதற்கென்றே ஒதுக்கப்பட்டது. உடைமையாளர் எவராயினும் இப்பயன்களைக் கொள்வோர் பலராதலின், அவரவர்க்குரிய பங்கு வழக்காற்றால் வரையறுக்கப்பட்டிருந்தது.

3. தனியார் ஏரிக்கு வழங்கிய ஈடு

நீர்நிலை அமைத்தல் அறமாக மட்டுமன்றி அரசியற் கடமையாகவும் தமிழ் இலக்கியத்தில் பேசப்படுகிறது. பாண்டியன் நெடுஞ்செழியனைக் குடபுலவியனார் பாடிய புறநானூற்று 18ஆம் பாடல், நிலன் பள்ளமான இடங்களில் நீரைத் தேக்குவோரே நிலைத்த புகழ் பெறுவர் என்னும் கருத்தை அரசனுக்கு அறிவுரையாக எடுத்துரைக்கிறது. காரியாசானின் சிறுபஞ்சமூலமோ இக்கடமையைத் தனிமனிதனுக்கு உரியதாக்குகிறது. குளம் தோண்டுதல், கோடு பதித்தல், வழி சீர்செய்தல், நிலத்தை உழுவயலாக்கல், கிணறு அமைத்தல் என ஐந்தனைச் செய்தான் இனிய துறக்கம் அடைவான் என்பது அப்பாடலின் கருத்து. கோடு என்பதற்கு மரக்கிளை எனப் பொருள்கொண்டு மரம் நடுதல் என்பர் உரைகாரர். கோடு என்னும் சொல்லுக்குக் கரை என்னும் பொருளும் உண்மையால், கரை அமைத்தல் எனக் கொள்ளினும் இழுக்கில்லை. எவ்வாறாயினும், குளம் தோண்டுவதோடு அறம் நிறைவதில்லை; வழியும் வயலும் கிணறும் சேர்ந்தபோதே நிறைவுறும் என்பதே பாடலின் உட்கிடை. கட்டியவன் பெறும் பயன் மறுமைக்குரியது. இம்மையில் பயன்பெறுவோர் ஊரார்.

மறுமைப் பயனை மட்டும் நம்பி ஏரிகள் கட்டப்பட்டன என்று கொள்வதற்கில்லை. விசயநகர ஆட்சிக் காலத்தில் தசவந்தம் அல்லது தசபந்தம் என்னும் முறை பரவலாக வழங்கியது. ஏரியைப் புதிதாகக் கட்டியவருக்கோ உடைந்ததைச் செப்பனிட்டவருக்கோ, அவ்வேரியால் விளையும் பயனில் பத்திலொரு பங்கு அல்லது அதற்கீடான நிலம் மானியமாக வழங்கப்பட்டது. கன்னட நாட்டில் இதனையொத்த கட்டுக்கொடுகெ என்னும் முறை இருந்தது. முதலிட்டவர் ஈடு பெறினும் அம்மானியம் ஏரியைத் தொடர்ந்து பேணும் கடமையோடு பிணைக்கப்பட்டிருந்தது. 1858இல் தொடங்கிய சென்னை மாகாண இனாம் ஆணையத்தின் பணியிலும் தசபந்த மானியங்கள் ஏரிப் பராமரிப்பிற்குரிய பணிமானியங்களாகவே கருதப்பட்டன.

திருப்பதிக் கோயிலின் 15, 16ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகள் இம்முறையின் இன்னொரு வடிவத்தைக் காட்டுகின்றன. அடியார் அளித்த பொருள் கோயிலுக்குரிய ஊர்களில் ஏரி, வாய்க்கால் ஆகியவற்றைச் சீர்செய்ய முதலிடப்பட்டது. அதனால் பெருகிய விளைச்சலிலிருந்து கொடையாளர் பெயரால் படையல் நிகழ்ந்தது. வரலாற்றறிஞர் பர்டன் ஸ்டைன் 1960இல் வெளியிட்ட ஆய்வு இதனை விரிவாக விளக்கியது. கார்வேட்டிநகரம் இத்திருப்பதி வட்டாரத்தை ஒட்டிய நிலப்பகுதியாகும். எனவே அவ்வூர் ஏரிகளின் பின்னணியில் இப்பொருளியல் மரபு இருந்ததை மனங்கொள்ளல் வேண்டும்.

4. கார்வேட்டிநகர வழக்கு

பொம்மராசு என்னும் மரபுப்பெயர் கொண்ட தலைவர்கள் ஆண்ட பாளையம் கார்வேட்டிநகரம். திருத்தணி, புத்தூர்ப் பகுதிகள் அதனுள் அடங்கியிருந்தன. தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கிய நிலம் அது. 1802ஆம் ஆண்டின் நிலையான வரித்திட்டத்தின் கீழ் அப்பாளையம் ஜமீனாயிற்று. அரசுக்குரிய பேஷ்குஷ் தொகையைச் செலுத்திவிட்டு நிலவருவாயைத் துய்க்கும் உரிமை ஜமீன்தாருக்குக் கிட்டியது. நிலத்தோடு ஏரிகளும் அவர் பெயருக்கு வந்தன. 1911இல் சித்தூர் மாவட்டம் அமைந்தபோது இப்பகுதி அதனுள் சேர்ந்தது. 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைய, கார்வேட்டிநகரம் ஆந்திரத்தில் நிலைத்தது.

இந்நிலப்பகுதியின் ஊடே சென்னை இருப்புப்பாதைக் குழுமம் தன் வடமேற்குப் பாதையை அமைத்தது. அப்பாதை 1871இல் இராய்ச்சூரில் மும்பையிலிருந்து வந்த பாதையோடு இணைந்து இரு மாநகரங்களையும் ஒன்றாக்கிற்று. தாராவி, மாட்டுங்கா, செம்பூர், நெருள் எனப் பரவி வாழும் மும்பைத் தமிழர் ஊர் திரும்புகையில் ரேணிகுண்டாவிற்கும் அரக்கோணத்திற்கும் இடையே கடப்பது இவ்வேரிச் சீமையையே.

பெருமழையில் ஜமீன்தாரின் இரண்டு ஏரிகள் உடைந்தன. பெருக்கெடுத்த நீர் இருப்புப்பாதையின் பாலங்களையும் பிற கட்டுமானங்களையும் சிதைத்தது. குழுமம் ஜமீன்தார்மேல் இழப்பீட்டு வழக்குத் தொடுத்தது. உள்நாட்டு நீதிமன்றங்களில் வெற்றி கிட்டாமையால் வழக்கு பிரிவி கவுன்சிலுக்குச் சென்றது.

குழுமத்தின் வாதம் அக்காலத்தே புதிதாய் நிலைபெற்ற ஓர் ஆங்கிலச் சட்டக்கொள்கையைச் சார்ந்தது. இலங்காசயர் பகுதியில் ரைலண்ட்ஸ் என்னும் ஆலை முதலாளி தம் ஆலைக்கென நீர்த்தேக்கம் ஒன்று அமைத்தார். 1860இல் அதன் நீர் பழைய சுரங்கவழிகள் ஊடே பாய்ந்து பிளெட்சர் என்பாரின் நிலக்கரிச் சுரங்கத்தை நிரப்பிற்று. தன் நிலத்தில் இயல்பாக இல்லாத ஒன்றைக் கொணர்ந்து தேக்கியவர், அது தப்பிச்சென்று விளைக்கும் கேட்டிற்கு, தம் கவனக்குறைவு இல்லாதபோதும் பொறுப்பாவார் என 1868இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. ஏரியும் தேக்கிய நீரே. ஜமீன்தாரும் அதன் உடைமையாளரே. ஆதலின் அவரும் பொறுப்பாளரே என்பது குழுமத்தின் வாதம்.

இவ்வாதத்தைப் பிரிவி கவுன்சில் ஏற்கவில்லை. அதன் தீர்ப்பின் சாரத்தைப் பின்வருமாறு தொகுக்கலாம். இவ்வேரிகள் தொன்மையானவை, நாட்டளவிலான ஒரு பாசன அமைப்பின் உறுப்புகள். இந்து, இசுலாமியச் சட்டங்களும் கிழக்கிந்தியக் குழுமத்தின் ஒழுங்குமுறைகளும் ஏற்றுக்கொண்ட அமைப்பு அது. மக்களின் வாழ்விற்கே இன்றியமையாதது. அதனைப் பேணும் பொதுக்கடமை முன்னர் அரசினுடையதாய் இருந்து, பல இடங்களில் ஜமீன்தாரிடம் வந்து சேர்ந்தது. ஏரியை இல்லாததாக்கும் அதிகாரம் ஜமீன்தாருக்கு இல்லை. காத்துச் செப்பனிடும் கடமையே உண்டு. ஆகவே அவரைத் தம் நலனுக்காகத் தேக்கம் அமைத்த ஆலை முதலாளியோடு ஒப்பிட இயலாது. கவனக்குறைவு மெய்ப்பிக்கப்பட்டால் அன்றி அவர் இழப்பீடு தர வேண்டுவதில்லை.

இத்தீர்ப்பின் பின்புலத்தில் ஒரு பெருங்கணக்கும் உண்டு. 1850களின் அரசு அறிக்கைகள் சென்னை மாகாணத்தின் 14 மாவட்டங்களில் பயன்பாட்டில் இருந்த பாசனப்பணிகள் 43,000 எனவும், கைவிடப்பட்டவை 10,000 எனவும், கரைகளின் மொத்த நீளம் ஏறத்தாழ 30,000 மைல் எனவும் மதிப்பிட்டன. ஒவ்வொரு கரை உடைப்பிற்கும் உடைமையாளரே முழுப்பொறுப்பு என்னும் விதி புகுந்திருப்பின், ஏரியை வைத்திருப்பதைக் காட்டிலும் தூர்த்துவிடுவதே பாதுகாப்பானது என எண்ண நேர்ந்திருக்கும்.

இவ்வழக்கில் இரண்டு செய்திகள் நம் ஆய்விற்கு முதன்மையானவை. ஒன்று, உடைமை என்பதன் பொருள் இரு நாடுகளிலும் வேறுபட்டிருந்தது. ரைலண்ட்ஸின் தேக்கத்தை அவர் விரும்பியபோது நீக்கலாம். எவரும் தடுக்க இயலாது. கார்வேட்டிநகர ஏரியை அதன் உடைமையாளர் நீக்க இயலாது; ஆயக்கட்டுக் குடிகள் தடுப்பர். ஆங்கிலச் சட்டச்சொல்லால் இருவரும் உடைமையாளர். தமிழ் வழக்கால் பின்னவர் காவற்கடமை பூண்டவர். பெயர், காவல், பயன் என மேலே கண்ட முப்பகுப்பையே பிரிவி கவுன்சில் தன் மொழியில் வழிமொழிந்தது எனலாம்.

மற்றொன்று, தீர்ப்பின் மறுபக்கம். கடமையாளர் என்பதனால் ஜமீன்தார் இழப்பீட்டினின்று விடுபட்டார்; ஆயின் அக்கடமையைக் குடிகளுக்கு அவர் முறையாக ஆற்றினாரா என்பது அவ்வழக்கில் எழாத வினா. கடமையைப் புறக்கணித்த ஜமீன்தார்களைக் குடிகள் வழிக்குக் கொணர்வது எளிதாக இல்லை. 1908ஆம் ஆண்டின் சென்னை எஸ்டேட் நிலச் சட்டம், பாசனப்பணிகளைச் செப்பனிடக் கோரிக் குடிகள் மாவட்ட ஆட்சியரிடம் முறையிட வழிசெய்தது. கடமை ஏட்டில் இருப்பதும் நடைமுறையில் இருப்பதும் வேறென்பதற்கு இச்சட்டத்தின் தேவையே சான்று.

5. பயன்கொள்ளும் ஊர் யார்?

ஊருக்குப் பொது என்னும் சொல்லை ஆராயாது ஏற்பதும் பிழையாகும். 1858ஆம் ஆண்டின் முதற்சட்டம், வெள்ளக் கேடு தடுக்கக் கட்டாய உழைப்பைப் பெறவும், ஏரிப்பணிகளில் வழக்கமாக ஊரார் தரும் உழைப்பைச் செலுத்தச் செய்யவும் வழிவகுத்தது. குடிமராமத்து எனப் போற்றப்படும் அவ்வுழைப்பின் சுமை எல்லார்மேலும் ஒப்ப விழவில்லை. மதகைத் திறந்து மூடவும், வெள்ளக்காலத்தில் இரவெல்லாம் கரை காக்கவும், நீரைப் பங்கிட்டுப் பாய்ச்சவும் நீர்க்கட்டி, நீர்ப்பாய்ச்சி, மடையர் எனப் பல பெயர்களில் பணியாளர் இருந்தனர். பல ஊர்களில் அவர்கள் தாழ்த்தப்பட்ட சமூகத்தினரே. ஏரி நீரை வயலுக்குப் பங்கிட்ட அவர்களுக்கே குடிநீர்த் துறைகளில் இடம் மறுக்கப்பட்டதுண்டு.

இம்முரண் மராத்திய நாட்டில் நீதிமன்றம் வரை சென்றது. மும்பைக்குத் தெற்கேயுள்ள மகத் நகரின் சவுதார் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் 1927 மார்ச் 20 அன்று மக்களோடு சென்று நீர் அருந்தினார். பொது நீர்நிலைகளை அனைவர்க்கும் திறந்துவிட எஸ். கே. போலே கொணர்ந்த தீர்மானம் 1923இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் நிறைவேறியிருந்தது. அதனை ஒட்டி நகராட்சியும் 1924இல் குளத்தைத் திறந்து தீர்மானித்திருந்தது. இருப்பினும் எதிர்தரப்பார் வழக்குத் தொடுத்து, குளம் தம்மவர்க்குரிய தனியுடைமை எனவும், பிறரை விலக்குவது தொன்றுதொட்ட வழக்கம் எனவும் வாதிட்டனர். பத்தாண்டு நடந்த அவ்வழக்கில், அத்தகைய வழக்கம் மெய்ப்பிக்கப்படவில்லை என 1937 மார்ச் 17 அன்று பம்பாய் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

சவுதார் குளம் வயலுக்குப் பாயும் ஏரியன்று, நகர்க்குளம். ஆயினும் கார்வேட்டிநகர வழக்கோடு அதனை ஒப்புநோக்குவது பயனுடையது. முன்னதில் உடைமை கடமையாக விளக்கப்பட்டது. பின்னதில் உடைமை விலக்குதற்குரிய ஆயுதமாகக் கையாளப்பட்டது. இரண்டு நீதிமன்றங்களும் நீர்நிலைமீதான தனியுரிமையை வரம்பிற்கு உட்படுத்தின. ஏரியை அழிக்கும் உரிமை உடைமையாளருக்கு இல்லை என்றது முதலாவது. நீரினின்று மனிதரை விலக்கும் உரிமைக்குச் சான்று இல்லை என்றது இரண்டாவது. இவ்விரண்டையும் சேர்த்துப் படித்தாலன்றிப் 'பொதுப்பயன்' என்னும் சொல் முழுமை பெறாது.

6. ஜமீன் ஒழிப்பிற்குப் பின்

1948ஆம் ஆண்டின் சென்னை எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் (26/1948) ஜமீன்களின் நிலங்களோடு ஓடைகள், ஏரிகள், பாசனக் கட்டுமானங்கள், மீன்வளம், ஓடத்துறைகள் ஆகிய அனைத்தையும் அரசின் உடைமையாக்கிற்று. 1963இல் இனாம் ஒழிப்புச் சட்டங்கள் எஞ்சிய இனாம் நிலங்கள் பலவற்றையும் அவ்வாறே ஆக்கின. நிலவுடைமைக் கொடுமைகளை நீக்கியதில் இச்சட்டங்களின் பங்கு பெரிது. அதனைக் குறைத்துரைப்பது இக்கட்டுரையின் கருத்தன்று. ஆயினும் ஏரியைப் பொறுத்தவரை ஓர் இடைவெளி நேர்ந்தது. பெயர் அரசிடம் சென்றது. பயன் குடிகளிடம் நின்றது. இரண்டிற்கும் இடைநின்ற காவல் எவரிடமும் முழுமையாகச் சேரவில்லை. மானிய நிலத்தோடு பிணைந்திருந்த நீர்க்கட்டியின் பணியும் பல ஊர்களில் தளர்ந்தது.

தமிழக அரசு ஆவணங்களில் வழங்கிவரும் கணக்கு இதனைத் தெளிவாக்கும். மாநிலத்தின் மொத்த ஏரிகள் 39,202. அவற்றுள் பொதுப்பணித்துறையின் பொறுப்பில் 8,903, ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்பில் 20,413, 'முன்னாள் ஜமீன் ஏரிகள்' என 9,886. ஜமீன் ஒழிந்து முக்கால் நூற்றாண்டு கடந்தபின்னும் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு ஏரிகள் பழைய உடைமையாளரின் நினைவாலேயே வகைப்படுத்தப்படுவது வியப்பிற்குரியது. 'முன்னாள்' என்னும் அடை யாருடையது அன்று என்பதைச் சொல்கிறது. யாருடையது என்பதைச் சொல்லவில்லை.

சிவகங்கை, இராமநாதபுரம் பகுதிக் கண்மாய்களை ஆராய்ந்து டேவிட் மோஸ் 2003இல் வெளியிட்ட நூல், கூட்டுழைப்பு என்பது தானே விளைந்த கிராமப் பண்பன்று. அதிகாரம், மானியம், மரியாதை ஆகியவற்றால் தாங்கப்பட்ட ஏற்பாடு என்பதை எடுத்துக்காட்டியது. தாங்கிய தூண்கள் நீங்கியபின் கூட்டுழைப்பு மட்டும் தனித்து நிற்கும் என எதிர்பார்ப்பதற்கில்லை.

அண்மைக்காலச் சட்டங்களும் தீர்ப்புகளும் இவ்விடைவெளியை நிரப்ப முயன்றுள்ளன. பாசன மேலாண்மையில் உழவர் பங்கேற்பிற்கான சட்டம் 2000இல் இயற்றப்பட்டது. குளம் குட்டைகள் சமூகத்தின் பொருள்வளங்கள் என்றும் அவற்றின் ஆக்கிரமிப்பை ஏற்கலாகாது என்றும் 2001இல் உச்சநீதிமன்றம் இஞ்ச்லால் திவாரி வழக்கில் கூறிற்று. ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் 2007இல் வந்தது. அது பொதுப்பணித்துறையின் கட்டுப்பாட்டில் உள்ள ஏரிகளையே முதன்மையாகக் கருதியது. 2017இல் குடிமராமத்து என்னும் பழம்பெயரிலேயே அரசுத் திட்டம் ஒன்று தொடங்கப்பட்டது. பெயர் பழையதாயினும் நிதி அரசினுடையது. குடிகள் தம் உழைப்பால் செய்த மராமத்து, குடிகளுக்காகச் செய்யப்படும் மராமத்தாக மாறியது என்னும் வேறுபாடு கருதத்தக்கது.

மும்பை நகரின் வரலாறு இங்கு ஓர் எச்சரிக்கையாகிறது. தோபி தலாவ், கோவாலியா டேங்க், காரா தலாவ் முதலான இடப்பெயர்கள் அங்கிருந்த குளங்களின் நினைவுகளே. அவற்றுள் சில செல்வர்தம் அறக்கொடையால் அமைந்தவை அல்லது பேணப்பட்டவை. தோபி தலாவ்க் குளம் பார்சி வணிகர் பிராம்ஜி கவாஸ்ஜியின் பெயர் தாங்கியது. 1860இல் விகார் ஏரியிலிருந்து குழாய்நீர் வந்தபின் குளங்களின் தேவை குறைந்தது. பென்ட்லி என்னும் மருத்துவர் 1911இல் அளித்த மலேரியா அறிக்கை, குளங்களும் கிணறுகளும் கொசு பெருகும் இடங்கள் எனச் சுட்டியபின் அவை தூர்க்கப்படுவதும் மூடப்படுவதும் விரைந்தன. பயன்கொள்வோர் அற்ற நீர்நிலைக்குக் காவலரும் அற்றுப்போவர்; பின் பெயர் மட்டுமே எஞ்சும்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வினால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

1. தமிழ்ச் சான்றுகளில் ஏரியின் உடைமை ஒற்றைப் பொருளினதன்று. பெயர், காவல், பயன் என அது மூன்றாகப் பகுக்கப்பட்டு, மூவேறு தரப்பாரிடம் அமைந்திருந்தது.

2. தசபந்தம் போன்ற மானியங்கள், தனியார் முதலீட்டிற்கு ஈடு வழங்கிய அதே வேளையில் அவ்வீட்டைப் பேணும் கடமையோடு பிணைத்தன. அறம் என்னும் சொல்லால் மட்டும் இவற்றை விளக்குதல் போதாது.

3. 1874ஆம் ஆண்டின் கார்வேட்டிநகரத் தீர்ப்பு, தனியார் ஏரியின் உடைமையாளரை ஆங்கிலச் சட்டத்தின் உடைமையாளரினின்று வேறுபடுத்தி, அவரைக் கடமையாளராக ஏற்றது. தமிழர் பாசன வழக்காற்றிற்கு அயல்நாட்டு மன்றம் ஒன்றில் கிட்டிய ஏற்பாக இதனைக் கொள்ளலாம்.

4. அக்கடமையின் பயன் எல்லார்க்கும் ஒப்ப எட்டவில்லை. மகத் வழக்கையும் உடன்வைத்துக் காணும்போதே ஊர்ப்பொது என்பதன் எல்லையும் குறையும் தெளிவாகும்.

5. 1948ஆம் ஆண்டுச் சட்டம் பெயரை மாற்றியது; காவலுக்கு மாற்று ஏற்பாடு முழுமை பெறவில்லை. முன்னாள் ஜமீன் ஏரிகளின் இன்றைய சிக்கலுக்கு இதுவே வேர்.

தமிழாய்வாளர்க்குரிய பணி ஒன்றும் இங்கு உள்ளது. 9,886 ஏரிகளுக்கும் பெயர்கள் உள்ளன. அப்பெயர்களுள் கட்டியவர், காத்தவர், குலம், நிலம், மரம் எனப் பல செய்திகள் பொதிந்துள்ளன. மதகுக் கல்வெட்டுகளும், ஜமீன் கணக்கேடுகளும், நீர்க்கட்டிகளின் வாய்மொழி வழக்குகளும் மாவட்டந்தோறும் தொகுக்கப்படல் வேண்டும். ஆக்கிரமிப்பு வழக்குகளில் ஏரியின் எல்லையையும் வழக்காற்று உரிமையையும் நிறுவ இச்சான்றுகள் பயன்படும். கல்வெட்டுச் சொல்லகராதியும் இடப்பெயராய்வும் நூலகத்தோடு நில்லாது நீர்நிலைக்கும் அரணாகக் கூடும்.